சமக்குறியின் நிரை

அச்சுப் பக்கத்தில் கணிதம் இரண்டு விதமாக இடம்பெறுகிறது: ஒன்று, வாக்கியத்துக்குள்ளேயே சொற்களோடு கலந்து ஓடும் சிறு கோவை, மற்றொன்று, ஓடிக்கொண்டிருக்கும் வரியை நிறுத்தி, மேலும் கீழும் இடைவெளி விட்டு, தனக்கென ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிற்கும் சமன்பாடு. பின்னதைத் தனிவரிச் சமன்பாடு என்று அழைக்கலாம். ஒரே ஒரு சமன்பாடு என்றால் அதை வரியின் நடுவில் வைத்துவிட்டால் போதும். ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்தாறு வரிகள் வரும்போதுதான், அவற்றை எந்தப் புள்ளியில் ஒன்றோடொன்று நேர்ப்படுத்துவது என்ற வினா எழுகிறது. அச்சுக்கலையின் மூலையில் கிடக்கும் சிறு நுணுக்கமாகவே பலரும் இதைக் கருதுகின்றனர். ஆனால் கணிதத்தைத் தமிழில் எழுதும் எவருக்கும், அதிலும் ஆசிரியரைவிடத் தாளையே அதிகம் நம்பிப் படிக்க நேரும் பிள்ளைகளுக்காக எழுதும் எவருக்கும், இது முதன்மையான வினாக்களுள் ஒன்று.

எளிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தெரியாக் கணியத்தைக் 'க' என்க. 3(க + 2) − 5 = 16 என்பது முதல் வரி; அடைப்பை நீக்கினால் 3க + 6 − 5 = 16; சுருக்கினால் 3க + 1 = 16; அடுத்து 3க = 15; இறுதியில் க = 5. இந்த ஐந்து வரிகளையும் இடது ஓரத்தில் ஒட்டி எழுதினால், இடப்பக்கக் கோவை சுருங்கச் சுருங்கச் சமக்குறியும் இடப்புறமாக வழுக்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு வரியையும் பக்கத்தின் நடுவில் வைத்தால் சமக்குறிகள் முன்னும் பின்னுமாகத் தள்ளாடும். ஐந்தும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்றால் மட்டுமே கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்க முடியும்; இடப்புறம் என்ன மாறியது, வலப்புறம் 16 எதுவரை மாறாமல் நின்றது, எங்கே 15 ஆயிற்று என்பது ஒரே பார்வையில் விளங்கும்; மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் இருபுறமும் 1 கழிக்கப்பட்டதை மாணவர் எவரும் சொல்லாமலே கண்டுகொள்வார். வகுப்பறையில் ஆசிரியர் "மூன்று க சக ஒன்று சமன் பதினாறு" என்று வாய்விட்டுச் சொல்லும்போது 'சமன்' என்ற சொல்லில் குரல் ஒரு கணம் நின்று செல்கிறது. அந்த நிறுத்தத்துக்குத் தாளில் உள்ள ஈடு, சமக்குறியின் மாறாத இடமே.

இப்படி நேராக நிற்கும் ஒழுங்குக்கான சொல்லை மலையகத்துப் பிள்ளை கணிதத்துக்கு முன்பே அறியும். கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறும் பாதையில் இருக்கும் ஹேவாஹெட்ட, நிருவாகத்தில் நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கண்டியையே நோக்கி இறங்கும் ஊர். இலங்கையில் வணிக நோக்கிலான தேயிலைப் பயிர்ச்செய்கையின் தொடக்கம் இந்த மலைப்பகுதியிலேயே நிகழ்ந்தது; 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இந்த மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய வேலை ஒரு 'நிரை'யாகவே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. செடிகள் வரிசையாக நிற்கும் அந்த ஒழுங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நிரை. ஹோப், ரூக்வூட், முல்லோயா போன்ற தோட்டங்களின் லயக் குடியிருப்புகளிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை, அதே சொல்லைக் கணிதப் புத்தகத்தில் மீண்டும் சந்திக்கிறது: எண்களைச் செவ்வக ஒழுங்கில் அடுக்கும் அமைப்பைத் 'தாயம்' என்றும், அதன் கிடை வரிசையை 'நிரை' என்றும், நிலைக்குத்து வரிசையை 'நிரல்' என்றும் இலங்கைப் பாடநூல்கள் அழைக்கின்றன. தாய் மலையில் பிடிக்கும் நிரையும் பிள்ளை கொப்பியில் எழுதும் நிரையும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலன்று. ஒழுங்காக நிற்பதைக் குறிக்கத் தமிழ் நெடுங்காலமாகப் பேணிவரும் சொல் அது.

அந்தப் பிள்ளைக்கு நேர்ப்படுத்தலின் முதற்பாடம் சமன்பாட்டில் தொடங்குவதில்லை. கூட்டல் கணக்கில், ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்று எழுதப் பழகும்போதே தொடங்கிவிடுகிறது. தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் எழுதும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் இதே விதியில்தான் நிற்கிறது. பெயர்கள் நிரையிலும் நாட்கள் நிரலிலும் இருக்க, ஓர் இலக்கம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் ஒரு குடும்பத்தின் அந்த மாதச் சம்பளம் மாறிவிடும். ஆயினும் இந்தப் பழக்கம் தமிழில் மிகப் பழையதன்று. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. இருநூற்று முப்பத்தைந்தை ௨௱௩௰௫ என்று எழுதும்போது நூறு என்ற பெறுமானத்தை ௱ என்ற குறியே சுமக்கிறது, அது நிற்கும் இடம் சுமப்பதில்லை. சென்னையில் 1825-இல் வெளிவந்த பண்டல ராமசாமி நாயக்கரின் 'கணித தீபிகை' தமிழ் எண்களோடு சுழியத்தைச் சேர்த்து இடமதிப்பு முறையை முன்வைத்தபோது மாறியது எழுதும் வசதி மட்டுமன்று. எண் நிற்கும் இடத்துக்கே பொருள் வந்து சேர்ந்தது. இடத்துக்குப் பொருள் வந்தவுடன் நேராக எழுதுவது அழகு என்ற நிலையிலிருந்து இலக்கணம் என்ற நிலைக்கு உயர்கிறது.

இடத்தாலேயே பொருள் உணர்த்துவதற்கு இதைவிடப் பழைய சான்று ஒன்று வடமொழிக் கணித மரபில் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரின் நூலுக்கு உரை எழுதிய பிருதூதகசுவாமி, சமன்பாட்டின் இரு பக்கங்களையும் பக்கத்துப் பக்கமாக எழுதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்:

யாவ 0   யா 10   ரூ 8
யாவ 1   யா 0   ரூ 1

'யா' என்பது தெரியாக் கணியத்தைக் குறிக்கும் 'யாவத்தாவத்' என்ற சொல்லின் சுருக்கம். 'யாவ' அதன் வர்க்கம். 'ரூ' என்பது தெரிந்த எண்ணைக் குறிக்கும் 'ரூப' என்பதன் சுருக்கம். தெரியாக் கணியத்தின் 10 மடங்கோடு 8 சேர்ந்தது, அக்கணியத்தின் வர்க்கத்தோடு 1 சேர்ந்ததற்குச் சமன் என்பது இதன் பொருள். இங்கே சமக்குறி இல்லை. இல்லாத உறுப்புக்கும் சுழியத்தை எழுதி இடத்தைக் காத்திருப்பதை உற்றுநோக்க வேண்டும். வர்க்கத்தின் கீழ் வர்க்கமும் எண்ணின் கீழ் எண்ணும் நிற்கும் அந்த ஒழுங்கே இரண்டு வரிகளும் சமம் என்று சொல்லிவிடுகிறது. இன்று சாதாரண தர மாணவர் ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கும்போது ஒத்த உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு கழிப்பது இந்த அடுக்கைப் பெரிதும் ஒத்தது. செய்யுளில் இதற்கு இணையான ஒன்றைத் தமிழிலக்கணம் அறியும்: நன்னூல் கூறும் எட்டு வகைப் பொருள்கோள்களுள் ஒன்றான நிரல்நிறை, ஒரு வரிசையில் அடுக்கிய சொற்களை மற்றொரு வரிசையில் அடுக்கிய சொற்களோடு முறை தவறாமல் பொருத்திப் பொருள் கொள்வது. அங்கே செவியும் நினைவும் செய்யும் வேலையைச் சமன்பாட்டில் கண் செய்கிறது.

இரண்டு சமாந்தரக் கோடுகளாலான சமக்குறியை 1557-இல் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட் தம் அட்சரகணித நூலில் முதன்முதலாக அச்சேற்றினார். இரண்டு சமாந்தரக் கோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் குறி பரவிய பிறகு சமன்பாடு கிடையாகப் படுத்துக்கொண்டது. வரிகளை நேர்ப்படுத்தும் பொறுப்பு அச்சுக்கோப்பவரின் கைக்கு வந்தது. ஈய எழுத்துக் காலத்தில் அது கடினமான உழைப்பு. சுட்டியாக மேலே ஏறும் சிறு எழுத்து, பின்னத்தின் இரு தளங்கள், அவற்றைப் பிரிக்கும் கோடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உயரமுள்ள ஈயத் துண்டுகளைத் தேடி அடுக்கி, சமக்குறிகள் நேராக நிற்கும்வரை வெற்றுத் துண்டுகளை இடையில் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரியின் வழிவந்த கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855-இல் வெளிவந்தபோது, தமிழில் அட்சரகணிதத்தைக் கோத்த கைகளும் இந்த உழைப்பைச் செய்திருக்கவே வேண்டும். அந்தக் கைகளுக்குரியோரின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.

ஈயம் போய் ஒளியச்சு வந்தபோது உழைப்பு குறைந்தது; தரமும் குறைந்தது. தம் 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான மெய்ப்புகளை 1977-இல் கையில் வாங்கிய டொனால்ட் குனூத், முதற்பதிப்பில் இருந்த செம்மை காணாமற்போயிருப்பதைக் கண்டு மனம் நொந்து, கணிதத்தை அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத முற்பட்டார். 'டெக்' என்ற அந்த மென்பொருளை அவர் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி உலகுக்குக் கொடுத்தார். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லாடெக்' என்ற எளிய அமைப்பைக் கட்டினார். டெக்கில் நேர்ப்படுத்தும் முறை எளிமையானது: எந்த இடம் வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டுமோ அந்த இடத்தில், ஆங்கிலத்தில் 'உம்' என்ற பொருளைத் தரும் ஆம்பர்சண்ட் குறியை எழுத்தாளர் இடுகிறார், அச்சில் அந்தக் குறி தோன்றாது, அது சொன்ன நேர் மட்டும் தோன்றும். லாடெக்கின் தொடக்க காலத்தில் இதற்கென இருந்த 'ஈக்யூஎன்அரே' என்ற சூழலில் ஒரு பழுது இருந்தது. அது சமக்குறியைத் தனி நிரலாகப் பாவித்ததால் குறியின் இருபுறமும் தேவைக்கு மேல் வெளி விழுந்தது. நீண்ட வரிகள் வலது ஓரத்துச் சமன்பாட்டு எண்ணின்மேலேயே ஏறிக்கொண்டன. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தொகுப்பில் உள்ள 'அலைன்' என்ற சூழல் இதைத் தீர்த்தது: சமக்குறிக்கு முன்னால் ஒரேயொரு குறி, அதற்கு இடப்புறத்தில் உள்ளது வலப்பக்கமாக ஒட்டி நிற்கும், வலப்புறத்தில் உள்ளது இடப்பக்கமாக ஒட்டி நிற்கும், வெளி இயல்பாக விழும். பழைய சூழலை இன்றும் பழக்கத்தால் பயன்படுத்துவோர் உள்ளனர். அதைக் கைவிட வேண்டும் என்பதில் மறுசிந்தனைக்கு இடமில்லை.

நேராக நிற்கும் வரிகளின் தொடரே நிறுவலின் உடல் என்பதற்கு சீனிவாச இராமானுசனின் குறிப்பேடுகள் எதிர்முகமான சான்று. தாள் விலை தாங்காமல் அவர் சிலேட்டில் கணித்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதியது எல்லாரும் அறிந்தது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குறிப்பேடுகளை 1957-இல் நிழற்படிகளாக இரண்டு தொகுதிகளில் வெளியிட்டது. அவற்றில் முடிவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இட்டுச்செல்லும் சமக்குறி வரிகள் பெரும்பாலும் இல்லை. புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட நூல் அந்த முடிவுகளுக்கான நிறுவல்களை எழுதிச் சேர்த்தது. மேதைக்கு இடைவரிகளைப் பேணிவைக்கத் தேவைப்படவில்லை. படிப்பவருக்கு அவை தேவை.

தமிழ் அச்சில் இந்தச் சிக்கலுக்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. இலங்கையில் தமிழ் வினாத்தாள்களும் வகுப்புக் குறிப்புகளும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகி வந்தன, பல இடங்களில் இன்றும் தட்டச்சாகின்றன. பாமினி, ஒருங்குறிக்கு முந்தைய முறையில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு. எனவே கணிதக் குறி ஒன்று வரும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்பவர் எழுத்துருவை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் தெரியாக் கணியமான 'எக்ஸ்' தாளில் 'ஒ' ஆகிறது, 'வை' என்பது 'ல' ஆகிறது, சதுர அடைப்பின் திறப்பு 'ஜ' ஆகவும் மூடல் 'ஸ' ஆகவும் மாறுகிறது. சமக்குறி 'ஸ்ரீ' ஆகிறது. இப்படிப்பட்ட தட்டச்சில் ஐந்து சமக்குறிகளை நேராக நிறுத்துவதற்குக் கையில் இருக்கும் ஒரே கருவி இடைவெளி விசை. அதை எட்டு முறை, பத்து முறை அழுத்திக் கண்ணளவில் நேர் பார்த்துத் தாளை அச்செடுக்க வேண்டும். ஒரு வரியின் எழுத்தளவை மட்டும் ஒரு புள்ளி கூட்டினாலும் அந்த நேர் குலைந்துவிடும். மலைப்பகுதிப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் தட்டுப்பாடு நீண்டகாலக் குறை. அங்கே, கண்டியில் யாரோ தட்டச்சு செய்த, டியூட் எனப்படும் பயிற்சித் தாளின் போட்டோப் பிரதி பஸ்ஸேறி வந்து ஆசிரியரின் இடத்தில் அமர்கிறது. அந்தத் தாளில் சமக்குறி கோணினால் அதைத் திருத்திச் சொல்ல அருகில் ஆளில்லை.

தட்டச்சுச் சிக்கலை ஒருங்குறியும் புதிய மென்பொருள்களும் பெருமளவு தீர்த்துவிட்டன. அவை தீர்க்காத, தமிழ் எழுதுவோரே தீர்க்க வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது: தனிவரிச் சமன்பாட்டைத் தமிழ் வாக்கியத்தோடு இணைப்பது எப்படி என்பது. ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னே வந்துவிடுவதால், அதைத் தொடர்ந்து சமன்பாடு வந்து, சமன்பாட்டின் இறுதியில் முற்றுப்புள்ளி விழ, வாக்கியமும் கணிதமும் ஒரே இடத்தில் முடிகின்றன. தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பது. ஆங்கில நூலை முன்வைத்து எழுதுவோர் ஒன்று, 'நாம் பெறுவது' என்று தொடங்கி முக்காற்புள்ளி இட்டுத் தமிழின் முதுகை வளைக்கிறார்கள். அல்லது சமன்பாட்டு வரிகளெல்லாம் முடிந்த பிறகு 'எனப் பெறப்படும்' என்ற வாலை இடது ஓரத்தில் தனியே விட்டுவிடுகிறார்கள். நேராக இறங்கிவந்த கண் க = 5 என்ற முடிவில் அமர்ந்த பின், பொருளேதும் சேர்க்காத அந்த இரண்டு சொற்களுக்காக மீண்டும் ஓரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இதற்கான தீர்வு நம் வகுப்பறைக் கரும்பலகையிலேயே இருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் "முதலாம் சமன்பாட்டில் க = 5 எனப் பிரதியிட" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் சமன்பாட்டை நேரடியாகத் தொடங்குகிறார்கள். 'பிரதியிட', 'கூட்ட', 'சுருக்க', 'இருபுறமும் மூன்றால் வகுக்க' ஆகிய இவை யாவும் இலக்கணத்தில் செயவென் எச்சங்கள். 'மழை பெய்யப் பயிர் விளைந்தது' என்பதில் உள்ள 'பெய்ய' என்பதைப்போல, வேறோர் எழுவாய் கொண்ட முடிவை எதிர்பார்த்து நிற்பவை. அந்த முடிவின் இடத்தில் சமன்பாடு வந்து அமர்கிறது. 'சமன்' என்ற வாசிப்பே வினைமுற்றாகி வாக்கியத்தை நிறைவு செய்கிறது. வால் தேவையில்லை, முக்காற்புள்ளியும் தேவையில்லை. 'ஆகவே', 'எனவே' போன்ற இணைப்புச் சொற்களைச் சமன்பாட்டுக்கு இடப்புறம் ஒரு தனி நிரலில் வைத்தால் சமக்குறிகளின் கோடு குலையாது. கேத்திரகணித நிறுவல்களில் காரணத்தை வலப்புறம் அடைப்புக்குள் எழுதுவது இங்குள்ள வழக்கம். 'குத்தெதிர்க் கோணங்கள்', 'ஒன்றுவிட்ட கோணங்கள்' போன்ற தமிழ்ப் பதங்கள் ஆங்கிலச் சுருக்கங்களைவிட நீளமானவை என்பதால் அவை பக்கத்தின் எல்லையைத் தாண்டிச் சமன்பாட்டை இடப்புறம் தள்ளிவிடுகின்றன. காரணங்களுக்கென மூன்றாவது நிரல் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி, நீண்ட காரணத்தை அந்த நிரலுக்குள்ளேயே இரண்டு வரிகளாக மடக்குவதே முறை. சமன்பாடு காரணத்துக்காக நகரக் கூடாது.

ஒரு வரிக்குள் அடங்காத சமன்பாட்டை முறிக்க நேர்ந்தால், கூட்டல் அல்லது கழித்தல் குறிக்கு முன்னால் முறித்து, அந்தக் குறியோடு அடுத்த வரியைத் தொடங்கி, அதைச் சமக்குறிக்குச் சற்று வலப்புறமாக நிறுத்த வேண்டும் என்பது டெக் வழியே நிலைபெற்ற வழக்கம். வரி முடிந்துவிடவில்லை, தொடர்கிறது என்பதை அந்தத் தொடக்கக் குறி காட்டிக்கொடுக்கும்.

கண்டியிலும் பேராதனையிலும் ஹற்றனிலும் தமிழில் கணித வினாத்தாள்களும் டியூட்களும் தயாரிப்போர் அடுத்த தாளை எழுதும்போது இடைவெளி விசையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். லாடெக் தெரிந்தவர் சமக்குறிக்கு முன்னால் ஓர் ஆம்பர்சண்ட் இட்டால் போதும். வேர்ட் மட்டுமே தெரிந்தவருக்கும் அதன் சமன்பாட்டுக் கருவியில் வரிகளைச் சமக்குறியில் நேராக்கும் தெரிவு உண்டு. பழகிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். அந்தத் தாள் ஹேவாஹெட்டவில் ஒரு லயத்து வாசலில் பிள்ளையின் மடியில் விரியும்போது அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார். அதை எண்ணி வரிகளை நிறுத்துங்கள்.